கணக்கு வாத்தியார் கேட்ட அஞ்சு கேள்வி

ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது தேடல் பெட்டியில் சாயக்கழிவு என்று மட்டும் போட்டு, கொட்டுகிற கட்டுரைகளைப் பார்த்து மிரண்டிருக்கீங்களா? அப்போ எஸ். ஆர். ரங்கநாதனை நீங்க தெரிஞ்சுக்கணும். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். நம்ம பக்கத்து கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும் பாடம் எடுத்திருக்கிறார்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை பிடிக்காமல், திரும்ப வகுப்புக்கே போயிடலாம்னு துடித்தார். நல்லவேளை, லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை. அதே துண்டுகளை நட்டு போல்ட்டில் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு பாடப்பொருளையும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்க்கலாமே என்று அவருக்குப் பட்டது. போல்ட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி. 1933-ல் வந்த கோலன் பகுப்புமுறை அதுதான்.

புத்தகத்துக்கு அலமாரியில் ஒரு இடம் போதும். ஜர்னல் அப்படியில்லை, ஒரே இதழுக்குள் பத்துக் கட்டுரை, பத்து விஷயம், அட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாடப்பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் அகரவரிசையில் ஒரு பதிவு வருகிற சங்கிலி முறையையும் அவர் உருவாக்கினார். வாசகர் எந்தச் சொல்லோடு வந்தாலும் வழி கிடைக்கும். 1962-ல் பெங்களூரில் இதற்கென்றே ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கி, 1972-ல் அங்கேயே காலமானார்.

அவர் கேட்கச் சொன்னது அஞ்சு: முக்கியப் பொருள் எது, அதில் என்ன சரக்கு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்?

2011-ல் ஹைகோர்ட் உத்தரவால் நம்ம சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த கதையை வீட்டில் கேட்டிருப்பீங்க. அதுதான் உங்க புராஜெக்ட் என்றால், துண்டுகள் இப்படி: சாயக்கழிவுநீர், உப்பு, மீட்டெடுப்பு, திருப்பூர், 2011-க்குப் பிறகு. துண்டுகளுக்கு நடுவே ‘ஆண்டு’, ஒரே துண்டின் மாற்றுச் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ போடுங்க. உப்புக்கு பிரைன், சோடியம் சல்ஃபேட் இரண்டையும் சேர்க்கணும். கட்டுரை எழுதியவர் நம்ம சொல்லையே பயன்படுத்தியிருப்பார் என்று என்ன நிச்சயம்?

ரொம்பக் கம்மியா வந்தால் முதலில் இடத்தைக் கழற்றுங்க. பங்களாதேஷிலும் துருக்கியிலும் இதே உப்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.