கல்விக் கதவைத் திறந்தவர்

ஜார்ஜ் டவுனில் பார்குவார் சாலை வழியாகச் செல்வோர் இரண்டு பழைய கட்டடங்களைக் காணலாம். ஒன்று, வெண்ணிறத் தூண்கள் தாங்கி நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மற்றொன்று, பினாங்கு மாநில அரும்பொருளகமாக விளங்கிய கட்டடம். இவ்விரண்டின் வரலாற்றிலும் ஒருவருடைய பெயர் இடம்பெற்றுள்ளது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறும் அவர் பெயரிலிருந்தே தொடங்குகிறது. அவர் தமிழர் அல்லர். இந்நாட்டில் பிறந்தவரும் அல்லர். அவர்தாம் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பாதிரியார்.

ஹட்சிங்ஸ் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியைச் சேர்ந்தவர். சமயப் பணியை ஏற்ற அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகப் பினாங்கிற்கு வந்தார். கம்பெனி அதிகாரிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வழிபாடு நடத்துவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அதை மட்டும் செய்துவிட்டு அவர் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால், அவர் பார்வை தேவாலயத்திற்கு வெளியே இருந்த சிறுவர்கள்மீதும் விழுந்தது.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். சுங்கவரி இல்லாத துறைமுகமாக அது வளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் மலாய்க்காரர், சீனர், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர், பிற தமிழர், சயாமியர், பர்மியர், ஆர்மீனியர், யுரேசியர் எனப் பல இனத்தார் அங்கு வந்து சேர்ந்தனர். கடைத்தெருக்களில் பல மொழிகள் ஒலித்தன. மசூதிகளும் கோயில்களும் தேவாலயங்களும் அருகருகே எழுந்தன. வணிகம் செழித்தது, செல்வமும் பெருகியது. ஆயினும், இத்தனை இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கப் பொதுவான பள்ளிக்கூடம் ஒன்று இல்லை. ஏழைச் சிறுவர்களின் நிலையும் தாய்தந்தையை இழந்த பிள்ளைகளின் நிலையும் இன்னும் மோசமாக இருந்தன.

இக்குறையைப் போக்க ஹட்சிங்ஸ் முனைந்தார். 1815ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளி ஒன்றை நிறுவுவதற்கான திட்டத்தை வரைந்து, அரசாங்கத்தின் முன் வைத்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு இசைவு கிடைத்தது. எழுவர் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டது. கம்பெனி அரசாங்கம் பண உதவி அளித்தது. ஊராரும் நன்கொடை வழங்கினர். 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. லவ் லேன் என்னும் சிறிய தெருவில், வாடகை வீடு ஒன்றில் பாடங்கள் நடந்தன. 1821ஆம் ஆண்டில்தான் பள்ளி பார்குவார் சாலைக்கு மாறியது.

அப்பள்ளியின் பெயரைக் கேட்போர், கட்டணம் இல்லாத பள்ளி என்று மட்டும் பொருள் கொள்வதுண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கு இடம் இருந்தது உண்மையே. ஆனால், அப்பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு. எந்த இனத்தவரும் எந்தச் சமயத்தவரும் தடையின்றி உள்ளே வரலாம் என்பதே அது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் அமரலாம் என்பது அக்காலத்தில் எளிதில் காணமுடியாத கொள்கையாகும். எழுத்தும் கணக்கும் மட்டுமன்றி, பிழைப்புக்கு உதவும் கைத்தொழில்களையும் கற்பிக்க வேண்டும் என்று திட்டத்தில் எண்ணப்பட்டிருந்தது.

இன்னொரு விதி இதனினும் வியப்பளிப்பது. கிறிஸ்துவ சமயத்தை ஏற்காத பெற்றோரின் உணர்வு எவ்வகையிலும் புண்படாதபடி பள்ளி நடக்க வேண்டும் என்று விதிமுறையில் எழுதப்பட்டது. பள்ளியைத் தொடங்கியவரோ ஒரு பாதிரியார். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். அப்படிப்பட்டவர் உருவாக்கிய பள்ளியே பிறர் சமயத்திற்கு மதிப்பளித்தது. அதனால் பல சமயத்தாரும் தங்கள் பிள்ளைகளை அச்சமின்றி அங்கு அனுப்ப முடிந்தது.

பிள்ளைகள் தத்தம் தாய்மொழியிலும் கற்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் ஒரு பகுதியாகும். அதன்படியே பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் இவ்வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆயினும், அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. போதிய ஆதரவு கிடைக்காமல் நின்றுபோயிற்று. அன்று பினாங்கில் இருந்த தமிழருள் பலர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காகத் தனியே வந்தவர்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எண்ணியவர்களுக்குப் பள்ளிக்கூடம் பெரிய தேவையாகத் தோன்றவில்லை.

ஹட்சிங்ஸ் மொழியறிவிலும் சிறந்து விளங்கினார். மலாய் மொழியை ஆழ்ந்து கற்றார். அப்போது வழக்கில் இருந்த மலாய் விவிலியம், லைடெக்கர் என்னும் டச்சுப் பாதிரியார் தொடங்கி, 1733ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த நூலாகும். அதில் அரபு, பாரசீகச் சொற்கள் மிகுந்திருந்தன. மார்ஸ்டன் தொகுத்த மலாய் அகராதியுடன் அந்நூலை ஒப்பிட்டு நோக்கிய ஹட்சிங்ஸ், அகராதியில் காணப்படாத ஆயிரக்கணக்கான சொற்கள் அதில் இருப்பதைக் கண்டறிந்தார். மக்கள் பேசாத மொழியில் எழுதப்பட்ட நூல் மக்களுக்குப் பயன்படாது என்பது அவர் கருத்து. எனவே, அதைத் திருத்தும் கடினமான பணியை ஏற்றார். திருத்திய புதிய ஏற்பாடு 1817ஆம் ஆண்டிலும், பழைய ஏற்பாடு 1821ஆம் ஆண்டிலும் அச்சேறின.

இதே காலத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் கட்டப்படவும் ஹட்சிங்ஸ் துணைநின்றார். இராணுவப் பொறியாளரான ராபர்ட் ஸ்மித் அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து அதைக் கட்டினர். 1818ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றது. தேவாலயத்தைக் காண்போர் அந்தப் பெயர் தெரியாத உழைப்பாளிகளையும் நினைவுகூர்தல் தகும்.

ஹட்சிங்ஸ் தாயகம் திரும்பி ஓய்வாக வாழும் பேறு பெறவில்லை. 1827ஆம் ஆண்டில் பினாங்கிலேயே காலமானார். சுல்தான் அகமது ஷா சாலையிலுள்ள பழைய புரோட்டஸ்டண்ட் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் அதே இடுகாட்டில்தான் உள்ளது.

அவர் தொடங்கிய பள்ளி மட்டும் ஓயவில்லை. 1928ஆம் ஆண்டில் அது கிரீன் லேனில் அமைந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. பார்குவார் சாலைக் கட்டடத்தில் அவர் பெயரால் ஹட்சிங்ஸ் பள்ளி நடைபெற்றது. அக்கட்டடத்தின் ஒரு பகுதியே பின்னர் அரும்பொருளகமாயிற்று. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், மஞ்சூரியாவில் பரவிய கொள்ளை நோயை எதிர்த்துப் போராடிய மருத்துவர் வூ லியென் தே, கலைஞர் பி. ரம்லி ஆகியோர் பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்றவர்களே. ஹட்சிங்ஸ் இவர்களில் எவரையும் கண்டதில்லை. ஆனால், இவர்கள் நுழைந்த கதவு அவர் திறந்து வைத்தது.

நின்றுபோன தமிழ் வகுப்பின் கதையும் அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்னாளில் தமிழர்கள் குடும்பத்தோடு இங்கு வேரூன்றினர். நகரங்களிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. இன்று நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது ஹட்சிங்ஸின் பெயரும் நன்றியோடு நினைவுகூரப்பட்டது.

ஒரு பள்ளியைத் தொடங்க நல்லெண்ணம் கொண்ட ஒருவர் போதும். அதை நிலைக்கச் செய்யவோ பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், கற்பிக்கும் ஆசிரியரும், ஆர்வத்தோடு கற்கும் மாணவரும் வேண்டும். முதல் தமிழ் வகுப்புக்குக் கிட்டாத அந்த ஆதரவை இன்றைய தமிழ் வகுப்புகளுக்கு அளிப்பது நம் கையில்தான் இருக்கிறது.