ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்

மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களைத் தம் நாட்டிலேயே செய்துகொள்வது எளிதன்று. மூலப்பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பினும், செய்முறை அறிவும் முதலும் வேண்டும். அவற்றினும் மேலாக, வாங்குவோரின் நம்பிக்கை வேண்டும். இவற்றை அரிதின் முயன்று பெற்றவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்.

இவர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள குல்னாப் பகுதியைச் சார்ந்த இராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்கத்தாவில் பயின்றபின், உதவித்தொகை பெற்று எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு 1887இல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் மீண்டு, 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் புட்டி மருந்துகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. கற்ற இளைஞரோ அரசாங்க அலுவலையே நாடி அலைந்தனர். இவ்விரு குறைகளையும் தொழிலால் நீக்கலாம் எனக் கருதிய ராய், 1892இல் 700 ரூபாய் முதலிட்டுத் தாம் வாழ்ந்த வீட்டிலேயே மருந்து செய்ய முற்பட்டார். பகலில் கல்லூரிப் பாடம். மாலையில் அடுப்பும் வடிகலமும்.

சோடியம் பாஸ்பேட்டு என்னும் உப்பைச் செய்ய எலும்பு தேவைப்பட்டது. இறைச்சிக் கடைகளிலிருந்து எலும்புகளை வாங்கி வீட்டு மாடியில் உலர்த்தினார். நாற்றம் பொறாத அயலார் சினந்தனர். ஆகவே எலும்புகளை ஊர்ப்புறத்திற்குக் கொண்டுசென்று எரித்தார். அச்சாம்பலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பக்குவம் செய்து, பின்னர்ச் சோடா கலந்து, வேண்டிய உப்பைப் பெற்றார்.

பொருளைச் செய்வதினும் விற்பது கடினமாயிற்று. உள்நாட்டுச் சரக்கு என்றதும் கடைக்காரர் ஐயுற்றனர். ராய் அவர்களை நொந்துகொள்ளவில்லை. மருந்தின் தரத்தை உயர்த்தினார். அவர்தம் நண்பர் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர், பிற மருத்துவரும் அம்மருந்துகளை எழுதித் தருமாறு செய்தார். ஆடாதோடை, நிலவேம்பு, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகளும் புதிய முறையில் மருந்தாயின.

இம்முயற்சி கேட்ட விலை பெரிது. 1898இல் போஸ் கொள்ளைநோய்க்கு இரையானார். மற்றொரு துணைவர் ஆய்வுக்கூடத்து நச்சு அமிலத்தால் உயிர்நீத்தார். இரு தோள்களும் இற்றாற்போல் ஆயினும், ராய் தொழிலைக் கைவிட்டாரல்லர். 1901இல் அது பங்கு நிறுவனமாயிற்று. 1905இல் மாணிக்தலாவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1914இல் மூண்ட உலகப் போரால் அயல்நாட்டுச் சரக்கின் வரவு குறைந்தபோது, அந்நிறுவனம் மருந்தும் அமிலமும் செய்து உதவிற்று. தன் கையே தனக்குதவி என்பதன் பயனை நாடு அன்று கண்டது.

தொழில் வளர்ந்தபோதும் ராய் எளிய வாழ்வே வாழ்ந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்தபின், தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளர்ச்சிக்கே அளித்தார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1980இல் நாட்டுடைமை ஆயிற்று.

நாட்டுப்பற்று ஒரு பொருளை ஒருமுறை வாங்கச் செய்யும்; தரமே அதனை மறுமுறையும் வாங்கச் செய்யும். இவ்வுண்மையை ராய் தம் தொழிலால் விளக்கிக் காட்டினார்.