யாச்சம நாயக்கர்

தொண்டை நாட்டின் பழைய நகரங்களுள் வேலூரும் ஒன்று. பாலாற்றின் தென்கரையில் மலைகள் சூழ அமைந்த இந்நகரின் நடுவே, அகன்ற அகழியால் வளைக்கப்பெற்ற கருங்கற் கோட்டை ஒன்று நிமிர்ந்து நிற்கின்றது. விலை கூறுவோரும் சுமை தூக்குவோரும் நெருங்கித் திரியும் லாங் பஜாரைக் கடந்து சிறிது தொலைவு நடப்போர், அவ்வகழியின் அமைதியான நீரில் மதிலின் நிழல் அசைவதைக் காண்பர். இன்று அக்கோட்டையினுள் சலகண்டேசுவரர் கோயிலும், பள்ளிவாசலும், மாதா கோயிலும், அருங்காட்சியகமும் உள்ளன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது விசயநகரப் பேரரசரின் அரண்மனையாய் விளங்கியது. பின்பு அவர்தம் குடும்பத்திற்கே சிறைச்சாலையாய் மாறியது. அரியணைக்காக உறவினரே உறவினரை மாய்த்த அக்கொடிய நாளில், அறத்தின் பக்கம் ஒருவர் உறுதியாய் நின்றார். அவரே வெலுகோட்டி யாச்சம நாயக்கர்.

1565ஆம் ஆண்டில் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அரச குடும்பத்தார் தலைநகரைவிட்டுப் பெனுகொண்டாவிற்கு அகன்றனர். பேரரசின் பெயர் எஞ்சியதேயன்றி, பண்டைய வலிமை எஞ்சவில்லை. மதுரை, தஞ்சை, செஞ்சி ஆகிய நாடுகளின் நாயக்கர்கள் தத்தம் பகுதிகளைத் தாமே ஆளத் தலைப்பட்டனர். 1586இல் பட்டமெய்திய வேங்கடபதி தேவராயர் சரிந்த அரசை மீண்டும் தாங்கி நிறுத்த முயன்றார். அவருக்குத் துணைநின்ற படைத்தலைவர் பலருள் வெலுகோட்டிக் குடியினர் குறிப்பிடத்தக்கவர். அக்குடியிற் பிறந்த யாச்சம நாயக்கர், இளமையிலேயே வாட்போரிலும் படை நடத்துவதிலும் தேர்ச்சி பெற்றார். அவர்தம் ஆற்றலைக் கண்ட பேரரசர் உத்தரமேரூர்ப் பகுதியை அவருடைய காவலில் விடுத்தார்.

அந்நாளில் வேலூரை ஆண்ட இலிங்கம நாயக்கர் பேரரசருக்குப் பணியாமல் நின்றார். அவர் பக்கத்தார் 1601ஆம் ஆண்டில் பெரும்படை திரட்டி உத்தரமேரூரை முற்றுகையிட்டனர். யாச்சமர் தம் தம்பியாருடன் சிறிய படையைக் கொண்டே அவர்களை எதிர்த்தார். கடும்போரின் முடிவில் பகைப்படைத் தலைவர் களத்தில் வீழ்ந்தார், முற்றுகையும் கலைந்தது. யாச்சமரின் பெயர் தொண்டை நாடெங்கும் பரவிற்று. சில ஆண்டுகளுக்குள் வேலூர்க் கோட்டையும் பேரரசர் வசமாயிற்று. வேங்கடபதி தேவராயர் சந்திரகிரியோடு வேலூரையும் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அயல்நாட்டு வணிகர் அவரை நாடி வந்தனர். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிகம் செய்யும் உரிமை பெற்று, 1613இல் ஆங்கொரு கோட்டையையும் அமைத்தனர்.

வெளியே வெற்றி விளங்கினும், அரண்மனையின் உள்ளே தீராக் கவலை ஒன்று இருந்தது. பேரரசருக்கு மனைவியர் பலர். ஆயின் மகப்பேறு இல்லை. அரசகுலத்துப் பெண்டிரின் வாழ்வு அக்காலத்தில் இருவேறு நிலையுடையதாய் இருந்தது. சிலருக்கு ஊர்களும் துறைகளும் மானியமாய் அளிக்கப்பெற்றன. பழவேற்காட்டின் வருவாயே அரசி ஒருவருக்கு உரியதாய் இருந்தது. எனினும், அவ்வுரிமை அனைத்தும் கணவர் உயிரோடு இருக்கும் வரையிலோ, பெற்ற மகன் அரியணை ஏறும் வரையிலோதான் நிலைக்கும். மகனைப் பெறாத அரசிக்கு நாளை என்பது இருள். திருமணமும் இருவர் மனம் ஒத்துச் செய்துகொள்வதன்று. இரண்டு படைகள் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகவே அஃது அமைந்தது. ஓர் அரசியைக் கொள்வதென்றால் அவளுடைய தந்தையின் வாளையும் தமையனின் குதிரைகளையும் சேர்த்தே கொள்வதென்பது பொருள்.

கோபூரிக் குடியைச் சேர்ந்த பாயம்மா என்னும் அரசி இந்நிலைக்கு அஞ்சினார். அக்குடியின் தலைவன் ஜக்கராயன் பெருஞ்செல்வமும் படைவலியும் உடையவன். பாயம்மா தாம் கருவுற்றிருப்பதாக நடித்து, அந்தணப் பெண் ஒருத்தி ஈன்ற ஆண்மகவை மறைவாய்க் கொணர்ந்து, தம் வயிற்றிற் பிறந்ததாக உலகிற்கு அறிவித்தார். பேரரசர் உண்மையை அறிந்தும், அரசியின்பாற் கொண்ட அன்பினால் வெளிப்படுத்தாமல் இருந்தார். குழந்தை அரசிளங்குமரனாகவே வளர்ந்தது. அன்று அவர் கொண்ட மௌனம் பின்னர் ஒரு பேரரசையே அசைத்தது. சிறிய பொய்யைப் பொறுத்துக்கொள்ளும் பெரியோர் பெரிய துன்பத்திற்கு வித்திடுகின்றனர் என்பதற்கு இது சான்று.

1614ஆம் ஆண்டு அக்டோபரில் வேங்கடபதி தேவராயர் நோயுற்று இறுதிப் படுக்கையிற் கிடந்தார். அப்போது அவர் தலைவர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையில் தம் தமையன் மகனாகிய சீரங்கராயரையே அடுத்த அரசராக அறிவித்து, அரச மோதிரத்தையும் அளித்தார். பாயம்மாவின் மகனென வளர்ந்த சிறுவனுக்கு அரியணையில் உரிமையில்லை என்பதைத் தம் செயலாற் காட்டினார். மூன்று நாளில் அவர் உயிர் பிரிந்தது. சந்தனமும் அகிலும் அடுக்கிய சிதையில் அவருடல் எரியூட்டப்பெற்றது. அரசியர் மூவர் தம் அணிகலன்களை உறவினருக்கும் அந்தணருக்கும் மக்களுக்கும் பகிர்ந்தளித்துவிட்டு அத்தீயிற் பாய்ந்து மாண்டனர். அரசன் இறந்தபின் அரசியர்க்கு அக்காலம் விட்டுவைத்த வழி எத்தகையது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

சீரங்கராயர் முடிசூடினார். ஆயினும் தலைவர் சிலரை அவர் தம்பால் ஈர்க்கவில்லை. மனக்குறை கொண்டோரை ஜக்கராயன் ஒன்றுதிரட்டினான். அவனும் அவனுடைய துணைவரும் திடீரென்று கோட்டையைக் கைப்பற்றி, அரசரையும் அரசியையும் மக்களையும் காவலில் வைத்தனர். பாயம்மா வளர்த்த சிறுவனை அரசனென்று அறிவித்தனர். தலைவர் அனைவரும் வந்து அவனை வணங்குமாறு கட்டளை பிறந்தது. அஞ்சியோர் வணங்கினர், ஆதாயம் நோக்கியோரும் வணங்கினர். யாச்சம நாயக்கர் மட்டும் வணங்க மறுத்தார். இறந்த மன்னர் எவருக்கு மோதிரம் அளித்தாரோ அவரே தமக்கு அரசர் என்று உறுதியாய் நின்று, தம் படையுடன் தனியே பிரிந்து பாசறை அமைத்தார். பொன்னும் நிலமும் தருவதாகப் பகைவர் அவரிடம் தூது விட்டனர், அவர் அசையவில்லை.

கோட்டையைப் படைகொண்டு தாக்கின் சிறையிலுள்ளோர் உயிருக்குக் கேடு விளையும் என்பதை யாச்சமர் உணர்ந்தார். ஆகவே அறிவின் துணையை நாடினார். அரண்மனைக்குத் துணி வெளுக்கும் வண்ணார் ஒருவர் நாள்தோறும் உள்ளே சென்று வருவார். காவலர் அவரை ஐயுறுவதில்லை. யாச்சமரின் ஏற்பாட்டின்படி அவ்வண்ணார், அரசரின் இரண்டாம் மகனும் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதினனுமாகிய இராமதேவனை அழுக்குத் துணி மூட்டையினுள் மறைத்து, வாயிற்காவலைக் கடந்து வெளியே கொணர்ந்து சேர்த்தார். அவருடைய பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் பெயர் பெற்ற தலைவர் பலர் செய்யாத அரிய தொண்டைச் செய்தவர் அவரே. ஓர் அரச மரபின் உயிர் அன்று ஓர் எளியவரின் முதுகின்மேல் இருந்தது.

எஞ்சியோரையும் மீட்க யாச்சமர் முயன்றார். அரசரை வெளிக்கொணர நிலத்தின் அடியிற் சுரங்கம் தோண்டப்பட்டது. அது காவலர்க்குப் புலப்பட்டுவிட்டது. காவற்றலைவன் ஒருவனைத் தம் பக்கம் சேர்த்துச் செய்த மற்றொரு முயற்சியும் இறுதி நேரத்திற் பிழைத்தது. இனி அரசர் உயிரோடிருத்தல் தனக்குக் கேடு என ஜக்கராயன் துணிந்தான். அவன் தம்பி சிறைக்குள் நுழைந்து, அரசர் தம் கையாலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்றும், மறுப்பின் தானே கொல்வதாகவும் கூறினான். வேறு வழியறியாத சீரங்கராயர் மனைவியையும் இளமக்களையும் தழுவிக்கொண்டார். பகைவர் கையில் அவர்கள் படவிருக்கும் துன்பத்தைக் காணப் பொறாமல் தம் வாளாலேயே அவர்களை வீழ்த்தி, தாமும் அவ்வாளில் வீழ்ந்தார். மூத்த மகனும் தந்தையின் வழியைப் பின்பற்றினான். அரியணைப் போட்டியில் யாதொரு பங்கும் இல்லாத அந்த அரசியும் சிறுமகளும் அவ்வாறு மடிந்தது வேலூரின் வரலாற்றில் அழியாத கறையாயிற்று.

அரியணைப் போட்டி எந்நாட்டிலும் இவ்வாறே குருதி குடித்திருக்கின்றது. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை இலங்காஸ்டர் குடியும் யார்க் குடியும் மாறிமாறிப் பொருதன. அப்போரை ரோசாப்பூப் போர்கள் என்பர். அங்கும் 1483இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ஐந்தாம் எட்வர்டு தம்பியுடன் இலண்டன் கோபுரத்தில் அடைக்கப்பெற்றான். பிறகு அவ்விருவரையும் எவரும் கண்டிலர். அவர்தம் அன்னை எலிசபெத்து அரசியார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தும் மக்களைக் காக்க இயலவில்லை. இலண்டனில் அச்சிறுவனை வெளியே கொணர ஒருவரும் வாய்க்கவில்லை. வேலூரில் அதே வயதினனாகிய இராமதேவனுக்கு ஒரு வண்ணாரும் ஒரு யாச்சமரும் வாய்த்தனர்.

அரச குடும்பம் அழிந்த செய்தி பரவியவுடன் நாடே கொதித்தெழுந்தது. ஜக்கராயனை வணங்கிய தலைவர் பலரும் அவனை வெறுத்து யாச்சமர்பால் வந்து சேர்ந்தனர். யாச்சமர் இராமதேவனை அரசனாக அறிவித்துப் போர் தொடுத்தார். பல களங்களில் தோல்வியுற்ற ஜக்கராயன் காட்டிற் புகுந்தான். பின்னர் மதுரை, செஞ்சி நாயக்கர்களின் துணையைப் பெற்றான். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் யாச்சமருக்குத் துணையாக எழுந்தார். பகைப்படையினர் காவிரியில் முன்னேறிக் கல்லணையைத் தகர்த்தனர். 1616, 1617ஆம் ஆண்டுகளின் இடைக்காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள தோப்பூரில் இருதிறத்தாரும் கைகலந்தனர். அப்பெரும்போரில் ஜக்கராயன் மடிந்தான். மதுரைப் படை சிதறியது. செஞ்சி நாயக்கர் தம் கோட்டைகள் பலவற்றை இழந்தார். இரகுநாதர் உடைந்த அணையைச் செப்பனிட்டார். துணி மூட்டையிற் கிடந்த சிறுவன் இராமதேவராயர் என்னும் பெயருடன் பேரரசனானான்.

ஆயினும் பூசல் அத்துடன் ஓயவில்லை. ஜக்கராயனின் தம்பி எதிராசன் தொடர்ந்து எதிர்த்து வந்தான். இறுதியில் இராமதேவர் எதிராசனின் மகளை மணந்து பகையைத் தீர்த்தார். இங்கிலாந்தில் இலங்காஸ்டர் பக்கத்தவராகிய ஏழாம் என்றி, 1486இல் யார்க் குடியின் எலிசபெத்தை மணந்து இரு குடியையும் ஒன்றாக்கியது இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. வாள் முடிக்காததை மாலை முடித்தது. தன் தந்தையின் குடியினரால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இழந்த ஒருவரைக் கணவராகக் கொண்டு வாழப் புகுந்த அப்பெண்ணின் உள்ளத்தை எந்நூலும் எழுதிவைக்கவில்லை. அமைதியின் விலையை அவளே கொடுத்தாள்.

யாச்சமருக்கும் அவ்வமைதி இனிக்கவில்லை. கோபூரிக் குடியினர் அரசருக்கு உறவினராயினர். யாச்சமர் வசமிருந்த பகுதிகளிற் சில அவர்கள் பக்கம் சாய்ந்தன. அரசருக்கும் அவரைக் காத்தவருக்கும் இடையே மனவேறுபாடு முளைத்தது. தாம் உயிர்காத்து வளர்த்த சிறுவனே தம்மை எதிர்நோக்கும் நிலையை அவர் காண நேர்ந்தது. எனினும் அவர் செய்த நற்செயலின் பெருமை இதனாற் குறையாது. நன்றியை எதிர்பார்த்துச் செய்வது வாணிகம். நேர்மையை எண்ணிச் செய்வதே அறம்.

இந்நிகழ்ச்சிகளை மானுவேல் பாராதாஸ் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார் 1616ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய கடிதத்தில் விரிவாகக் குறித்துள்ளார். தஞ்சை அரசவையில் விளங்கிய இராமபத்ராம்பா என்னும் பெண்பாற் புலவர், இரகுநாதரின் வெற்றியை வடமொழிக் காப்பியமாகப் பாடினார். அரியணைப் போரில் பெண்டிர் பலர் வாய் பேசாது மறைந்த காலத்தில், அப்போரையே பாடும் ஆற்றல் பெற்ற பெண் ஒருவர் இருந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. யாச்சமரின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் வேங்கடகிரி அரசர்களாக விளங்கினர்.

வேலூர்க் கோட்டை பின்னரும் அரச குடும்பங்களின் கண்ணீரைக் கண்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் பெண்டிரும் மக்களும் அங்கு வைக்கப்பெற்றனர். கண்டியின் இறுதி மன்னர் விக்கிரம ராசசிங்கர் தம் அரசியரோடு 1816இல் கொணரப்பெற்று, 1832இல் அங்கேயே உயிர் துறந்தார். மதில்கள் அரசர்களைக் காப்பன போலத் தோன்றும். ஆயின் அவற்றைக் காப்பது மனிதரின் வாய்மையேயாம். அனைவரும் தலைவணங்கிய நாளில் ஒருவர் தலைநிமிர்ந்து நின்றார்; எளிய வண்ணார் ஒருவர் அவருக்குத் தோள் கொடுத்தார். அவ்விருவரின் துணிவால் ஒரு சிறுவன் உயிர் பிழைத்தான். அகழி சூழ்ந்த அக்கோட்டையைக் காண்போர், அதனைக் கட்டியோரோடு இவ்விருவரையும் நினைத்தல் கடனாகும்.