கதவைத் தட்டிய மூன்று பேர்

சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் காட்பாடி ரெயிலையோ வேலூர் பஸ்சையோ பிடிப்பது வழக்கம். அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர். 1900-ம் ஆண்டில் அவர் வேலை தொடங்கியபோது சித்தூர், திருப்பதி, வேலூர் எல்லாம் ஒரே வட ஆற்காடு ஜில்லாதான். ஜில்லாவின் தலைநகரமே சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று.

ஐடா 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா, தந்தை இருவருமே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். பைபிள் வசனங்களைக் கேட்டே வளர்ந்த பெண். ஆனால் மிஷனரி வேலை மட்டும் தனக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். சின்ன வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு வசதியாக வாழ ஆசைப்பட்டார். அதில் தப்பு என்ன?

திண்டிவனத்தில் ஒரு இரவு

தாயாருக்கு உடல்நலமில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

ஒருநாள் இரவு ஒரு பிராமண வாலிபர் வந்து கதவைத் தட்டினார். அவர் மனைவிக்குப் பிரசவ வேதனை. தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தைதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று வாலிபர் திரும்பிப் போனார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதன்பின் இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் அதே கஷ்டம், அதே பதில்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் சாவு மேளம் கேட்டது. ஆளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் போனவர்களையும், நின்று தூக்கிய சமாரியனையும் பற்றி பைபிளில் ஒரு கதை உண்டு. ஐடா அதை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ! அன்று அது அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டே வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தை காலமானார். தனியாக நின்ற இளம் பெண் டாக்டரை நம்பி ஆரம்பத்தில் அதிகம் பேர் வரவில்லை. பங்களாவின் சின்ன அறையே வைத்தியசாலை. 1902-ல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழும்பியது. வர முடியாதவர்களைத் தேடி குடியாத்தம் சாலையில் அவரே போனார். மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார்.

ஒரு டாக்டரால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆறு மனுவாவது வந்தால் பார்க்கலாம் என்று அதிகாரி கேலியாகச் சொல்லியிருந்தார். 17 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை படித்த 14 பேரும் பாஸ்!

பெண்களுக்காக உண்டாக்கிய பள்ளியில் ஆண்களையும் சேர்க்கும் நிலை பின்னால் வந்தது. பணம் கொடுத்த அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஐடாவுக்கும் அது எளிதாக இல்லை. பள்ளி பிழைக்க வேறு வழியில்லை என்று தெரிந்ததும் சம்மதித்தார். 1947-ல் ஆண்கள் சேர்ந்தார்கள்.

கல்யாணமே செய்துகொள்ளாத ஐடா, 1960 மே 24-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 89. அவருடைய ஆஸ்பத்திரிக்கு இப்போது சித்தூர் மாவட்டத்திலும் கிளை இருக்கிறது.