நிலைத்த காற்றைத் தேடியவர்

கோடைக்கால இரவில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று எண்ணூர்ப் பக்கம் பாருங்கள். தொலைவிலுள்ள ஆலை விளக்குகள் நடுங்குவதுபோல் தோன்றும்; மேலே விண்மீன்கள் மினுமினுக்கும். இரண்டுக்கும் காரணம் இடையிலுள்ள காற்றே. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடர்த்தியில் வேறுபடுபவை. அவை கலந்து சுழலும்போது, ஊடே வரும் ஒளி கணந்தோறும் திசைமாறுகிறது. கண்ணுக்கு இனிய இம்மினுமினுப்பு வானியலாளருக்குப் பெருந்தடை. எத்துணைப் பெரிய தொலைநோக்கியிலும் விண்மீனின் படிமம் கலங்கிப் பரவிவிடும். இத்தடை குறைந்த இடத்தைத் தேடிச் சென்றவர், 1927இல் இதே சென்னையில் பிறந்த வைணு பாப்பு.

அவருடைய தந்தையார் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டில் பயின்றபோது, 1949இல் பாப்பு கண்ட வால்மீன் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. தாயகம் திரும்பிய அவர், 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

கொடைக்கானல் வானாய்வகம் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும் என்பதால் மலை ஏற்ற இடமே. ஆயினும் உயரம் மட்டும் போதாது. வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று கொந்தளிக்கும். ஆகவே அங்குக் கதிரவனைக் காணக் காலைப்பொழுதே சிறந்தது. கதிரொளியைத் தரையிலன்றி 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏற்று, வெப்பநிலை மிகுதியும் மாறாத 60 மீட்டர் நீளச் சுரங்கத்தினுள் செலுத்தும் அமைப்பும் இதன்பொருட்டே. இரவு வானை ஆராயவோ அங்கு முகில்களும் இடையூறு செய்தன.

பாப்பு புதிய இடம் தேடினார். பல மலைகளை ஆராய்ந்தபின் அவர் தேர்ந்தது சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர். உயரம் 725 மீட்டர்தான்! பெயர்பெற்ற உயர்மலையிருக்கத் தாழ்ந்த காட்டிடத்தை நாடுவதற்குத் துணிவு வேண்டும். தெளிந்த இரவுகளையும் நகர விளக்குகள் அண்டாத இருளையும் அவர் பெரிதாக மதித்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் அங்குத் தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கு இயங்கத் தொடங்கின.

1977 மார்ச் 10 அன்று, ஒரு விண்மீனை யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே அதன் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூர் பதிவு செய்தது. காற்றும் ஒளியை மங்கச் செய்யும் என்பதால் ஐயம் எழக்கூடிய இடம் இது. காற்றின் பெரும்பகுதிக்கு மேலே பறந்த வானூர்தியிலிருந்தும் அத்தகைய மங்கல்கள் பதிவாயின. யுரேனசின் வளையங்கள் இவ்வாறே அறியப்பட்டன.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரான பாப்பு, 1982இல் மியூனிக் நகரில் காலமானார். காவலூருக்காக அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது உருவாகிக் கொண்டிருந்தது. 1986இல் அதற்கும் அவ்வானாய்வகத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.