அலெக் இசிகோனிஸ்: அகதியாக வந்தவர் வடிவமைத்த மோரிஸ் மைனர் மலாயா சாலைகளுக்கு வந்தது எப்படி?

கோலா கங்சார் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்று, போகிற காடிகளை எண்ணிப் பாருங்கள். பெரோடுவா, புரோட்டான் என்ற இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இதே கணக்கைச் சென்னையில் எடுத்தால் மாருதியும் ஹூண்டாயும் முன்னால் நிற்கும். அமெரிக்காவில் என்றால் ஃபோர்டின் பெரிய பிக்கப் வண்டிகள்.

ஊருக்கு ஊர் மக்களின் ரசனை மாறுவதால்தான் இப்படியா? ரசனை மட்டும் காரணம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒருவரின் வாழ்க்கை உதவும். உங்கள் தாத்தா காலத்தில் மலாயாவின் ஊர்களில் ஓடிய மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் அவர்.

கணக்கில் மூன்று முறை தோல்வி

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு ஸ்மிர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம் அது. தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர், கப்பல் இயந்திரத் தொழில் செய்தவர். தாய் ஜெர்மன் வழி வந்தவர்.

1922இல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிரிட்டிஷ் கப்பலில் மால்டாவுக்குத் தப்பியது. அதன்பின் சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். தாயும் மகனும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் பொறியியல் படித்த அவர், கணக்குத் தேர்வில் மூன்று முறை தோற்றார். ஆனால் கையில் பென்சிலைக் கொடுத்தால் போதும், இயந்திரத்தைக் கண்முன் கொண்டுவந்துவிடுவார். 1936இல் மோரிஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

நடுவில் அறுக்கப்பட்ட கார்

சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரை, போர்க்காலத்திலேயே அவர் வரையத் தொடங்கினார். மாதிரி வண்டி தயாரானபோது அது குறுகலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூட்டியதும் சரியாக வந்தது. முன்பு செய்து வைத்த பம்பர் பத்தாமல் போக, நடுவில் ஒரு துண்டு ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

நிறுவனத்தின் முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அந்த உருண்டை வடிவம் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் 1948இல் மோரிஸ் மைனர் சந்தைக்கு வந்தது. 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

மலாயாவில் ஓடியது, அமெரிக்காவில் ஏன் ஓடவில்லை?

நீங்கள் காடி வாங்கப் போறீங்கன்னா முதல்ல என்ன கேப்பீங்க? விலை என்ன, ஸ்பேர் கிடைக்குமா, பட்டறைக்காரருக்கு வண்டி பழக்கமா என்றுதானே? அன்றும் அதே கேள்விகள்தான்.

மலாயா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டனைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கார்கள் அப்படியே பொருந்தின. போருக்குப் பிந்தைய டாலர் தட்டுப்பாட்டால் அமெரிக்கக் கார்களை வாங்குவதும் எளிதாக இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நீண்ட நெடுஞ்சாலைகளில் மைனரின் சிறிய இன்ஜின் திணறியது. அங்கே சின்னக் கார் வாங்க நினைத்தவர்களை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இழுத்துக்கொண்டது. காரின் அடிப்படை வடிவமைப்பு ஒன்றுதான். சாலையும் சட்டமும் சந்தையும்தான் வேறு.

தமிழர்கள் வாழும் மற்ற ஊர்களிலும் இதே கதைதான். இந்தியாவில் மைனரின் வடிவம் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் வந்தது. பிறகு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர் கொல்கத்தாவின் டாக்சியானது. மும்பையில் அந்த இடம் ஃபியட் வழி வந்த பத்மினிக்கு. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது.

இலங்கையில் மைனர்கள் பல பத்தாண்டுகள் ஓடின. பிரிட்டனில் உள்ள பழைய மைனர்களுக்கே இலங்கையில் உதிரிபாகம் செய்து அனுப்பிய காலமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் செல்லம் ஆஸ்டின் ஏ40. போர்க்கால எரிபொருள் தடையின்போது அந்தப் பழைய வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

மினியைத் தாங்கிய ரப்பர்

1956 சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் சின்னக் கார் ஒன்றை வேகமாகச் செய்யும்படி இசிகோனிஸிடம் சொல்லப்பட்டது. 1959இல் மினி பிறந்தது.

இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே இழுக்க வைத்தார். அதனால் சுமார் 10 அடி நீள வண்டியில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகள் மினியைத் தாங்கின.

ரப்பர் என்றதும் கோலா கங்சார்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்பது 1877இல் அந்த ஊரில்தான் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பிறகு பேராக் தோட்டங்களில் விடியும் முன்பே எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கார் எந்த நாட்டில் விற்றாலும் அதற்கு டயர் வேண்டும். எங்கோ விற்ற கார்தான் ரப்பரின் விலையையும் தோட்டத்துக் கூலியையும் ஏற்றி இறக்கியது.

இன்று என்ன மிச்சம்?

மக்களிடம் கருத்துக் கேட்டு கார் செய்வதில் இசிகோனிஸுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மினி வென்றது, பிந்தைய மாக்ஸி அந்த அளவுக்கு எடுபடவில்லை. 1969இல் சர் பட்டம் கிடைத்தாலும், நிறுவனத்தில் அவர் செல்வாக்கு குறைந்துவிட்டிருந்தது. 1971இல் ஓய்வுபெற்று, 1988இல் காலமானார். மினி 2000ஆம் ஆண்டு வரை தயாரானது. விற்றவை சுமார் 53 லட்சம்.

மலேசியாவில் பிரிட்டிஷ் கார்களின் இடத்தை ஜப்பானியக் கார்கள் பிடித்தன. 1985இல் புரோட்டான் சாகா வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்கு அதிக வரி விதித்து அரசு உள்நாட்டுக் கார்களுக்கு வழிவிட்டது. முன்பு பேரரசு செய்த வேலையை இப்போது வரிக்கொள்கை செய்தது.

ஆனால் சாகாவின், மைவியின் பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் குறுக்காகத்தான் இருக்கும், இழுப்பது முன்சக்கரம். இத்தாலியப் பொறியாளர்கள் பிறகு கியர்பாக்ஸின் இடத்தை மாற்றிச் சீர்படுத்தினார்கள் என்றாலும், அந்த ஏற்பாட்டை உலகம் முழுவதும் பரவச் செய்த கார் மினிதான். எந்த ஊரில் எந்தப் பெயர் விற்றாலும், பெரும்பாலான சின்னக் கார்களுக்குள் இன்றும் ஓடுவது அந்த யோசனைதான்.