டி. எம். ஏ. பை

தோன்சே மாதவ அனந்த பை (ஏப்ரல் 30, 1898 - மே 29, 1979) இந்திய மருத்துவரும் வங்கியாளரும் கல்வியாளரும் ஆவார். சிண்டிகேட் வங்கியைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். உடுப்பியை அடுத்த மணிப்பாலை ஒரு கல்வி நகரமாக உருவாக்கியவராகப் பரவலாக அறியப்படுகிறார்.

இளமை

உடுப்பிப் பகுதியில் கொங்கணி மொழி பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. சென்னையில் மருத்துவம் பயின்றபின் பெருநகரிலேயே தங்கிவிடாது ஊர் திரும்பி உடுப்பியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

வங்கி

அவ்வேளையில் கடலோரக் கன்னடப் பகுதியின் கைத்தறி நெசவாளர் கடும் நலிவுற்றிருந்தனர். அவர்களுக்கு உதவும் பொருட்டு, தமையனாரும் வணிகருமான உபேந்திர அனந்த பை, பொறியாளர் வாமன் குட்வா ஆகியோருடன் இணைந்து 1925இல் உடுப்பியில் கனரா தொழில் மற்றும் வங்கி சிண்டிகேட்டை நிறுவினார். தொடக்க மூலதனம் 8,000 ரூபாய் மட்டுமே.

1928இல் அறிமுகமான பிக்மி சேமிப்புத் திட்டமே இவ்வங்கியின் தனி அடையாளமாயிற்று. இதன்படி வங்கியின் முகவர் நாள்தோறும் வாடிக்கையாளரின் வீட்டிற்கோ கடைக்கோ சென்று குறைந்தது இரண்டு அணாவைப் பெற்று வங்கியில் சேர்ப்பார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் இது ரூபாயில் எட்டில் ஒரு பங்காகும். நாட்கூலி பெறுவோரிடமும் சிறு கடைக்காரரிடமும் மாலையில் இருக்கும் காசு மாத இறுதிவரை தங்குவதில்லை. வங்கிப் படியேறத் தயங்கியவர்களும் அவர்களே. இவ்விரு தடைகளையும் இத்திட்டம் ஒருசேர நீக்கியது எனலாம். பிற வங்கிகளும் பின்னர் இதனைப் பின்பற்றின.

எனினும் தரகு அடிப்படையில் பணிபுரிந்த முகவர்களின் நிலை நெடுங்காலம் வழக்கிற்குரியதாக இருந்தது. அவர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள் அடங்குவர் என 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்களை வங்கியின் நிரந்தர ஊழியராக்கும் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

சிண்டிகேட் வங்கி எனப் பின்னாளில் பெயர் மாற்றம் பெற்ற இந்நிறுவனம், சூலை 19, 1969 அன்று நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் ஒன்றாக இருந்தது. உபேந்திர பையின் மகனான டி. ஏ. பை நடுவண் அமைச்சராகப் பணியாற்றினார்.

கல்விப்பணி

1942இல் மணிப்பாலில் பொதுக் கல்விக் கழகத்தை மாதவ பை நிறுவினார். அப்போது மணிப்பால் மரங்களற்ற செம்பாறைக் குன்றாக இருந்தது. உடுப்பியில் மகாத்மா காந்தி நினைவுக் கல்லூரி 1949இலும், மணிப்பாலில் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரி 1953இலும், பொறியியல் கல்லூரி 1957இலும் தொடங்கப்பட்டன. மருத்துவக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இல்லாத நிலையில், மங்களூரின் வென்லாக் அரசு மருத்துவமனையில் மாணவர்கள் பயிற்சி பெற்றனர்.

அரசை எதிர்பாராமல் மாணவர் கட்டணத்தைக் கொண்டு மருத்துவக் கல்லூரி நடத்தும் முறைக்கு இது முன்னோடியாகும். இம்முறை பலருக்கு வாய்ப்பளித்தது. வசதியற்றோரை விலக்குகிறது என்ற கண்டனத்திற்கும் உள்ளானது. தனியார் கல்லூரிகளின் உரிமைகள் குறித்து 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2002இல் வழங்கிய தீர்ப்பு, இவர் பெயரிலான அறக்கட்டளை தொடுத்த வழக்கில் எழுந்ததே.

சிறப்புகளும் மறைவும்

1972இல் பத்மசிறீ விருது பெற்றார். 1979இல் காலமானார். இந்திய அஞ்சல் துறை இவருக்கு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டுள்ளது. சிண்டிகேட் வங்கி ஏப்ரல் 1, 2020 அன்று கனரா வங்கியுடன் இணைக்கப்பட்டது. அவ்வங்கியும் இதே தென் கன்னட மாவட்டத்தில், மங்களூரில் 1906இல் தோன்றியதாகும்.